ஐயாயிரத்துக்கு ஒருக்கா

சிரிங்க தம்பி, நல்லா வாய்விட்டே சிரிங்க. 'சார், உங்க காருக்கு எண்ணெய் மாத்தறதுக்கு இன்னும் பதிமூணாயிரம் கிலோமீட்டர் இருக்குது'ன்னு இந்த சர்வீஸ் சென்டர் கவுண்டர்ல அந்தப் புள்ள சொன்னதும், போனைப் பார்க்கற மாதிரி குனிஞ்சுட்டுச் சிரிச்சீங்க. நான் பார்த்துட்டன். எனக்குக் கோவமெல்லாம் இல்லீங்க. செத்த இக்கட்டால தள்ளி உட்காருங்க, அந்த சோபாவுல நடுவுல உட்கார்ந்தா உள்ள இழுத்துக்குது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வேலை நடக்கறதும் அங்கிருந்து தெரியாது. எனக்குத் தெரியோணும். இவனுங்க எண்ணெய் மாத்தறானுங்களா, இல்ல காரைத் தொடைச்சுட்டு மாத்திட்டோம்னு சொல்றானுங்களான்னு நான் கண்ணுல பார்த்தாகோணும்.

பேரு ராக்கியண்ணனுங்க. காங்கேயம். தேங்கா எண்ணெய் மில்லு வெச்சிருக்கறன். அதனால எண்ணெயைப் பத்தி எனக்கு ஒருத்தரு வந்து பாடம் எடுக்க வேண்டியதில்லைங்க. ரெண்டு வெரலுக்கு நடுவுல ஒரு சொட்டு வெச்சுத் தேச்சன்னா, அந்தக் கொப்பரை எந்தக் களத்துல காஞ்சது, மழைல நனைஞ்சுதா, எல்லாம் சொல்லிப்போடுவன். அது தின்னற எண்ணெய், இது எஞ்சின் எண்ணெய்ங்கிறீங்க. எண்ணெய் எண்ணெய்தானுங்க. சூடு பட்டாக் கெடும். கெட்டதை வெச்சுக்கிட்டு ஓட்டக் கூடாது. இதுக்கு இஞ்சினியரு படிப்பு வேணுமா?

இப்ப மணி என்னங்க? பத்தேகாலா? சரி சரி, நேரமிருக்குது. பன்னண்டு மணிக்குள்ள இந்தக் கோயமுத்தூர்ல இருந்து ஈரோடு போயிட்டாப் போதும். இந்தக் காரு ஒன்னேகால் மணி நேரத்துல போயிருமுங்க. என்ன அப்படிப் பார்க்கறீங்க? போயிரும்.

இன்னைக்கு என்ற பொண்ணுக்குக் கட்டுச்சோறு. நீங்க எந்தப் பக்கம், மதுரையா? அங்கெல்லாம் வளைகாப்பும்பீங்க. எங்க பக்கம் பொறந்த ஊட்டு சனமெல்லாம் புளிச்சோறு, எள்ளுச்சோறு, தேங்காச்சோறுன்னு வகைவகையாக் கட்டிக்கிட்டு பொண்ணு ஊட்டுக்குப் போவோம். புள்ளத்தாச்சிக்கு அந்தச் சோத்தைப் போட்டு, வளையல் போட்டு, பிரசவத்துக்குக் கையோட கூட்டிட்டு வந்துருவோம். பன்னண்டுக்கு ராகுகாலம் பொறக்குது. அதுக்குள்ள பொண்ணு, என்ற அம்மிணி, அந்த ஊட்டுப்படி எறங்கிறோணும். விடியக்காலமே என்ற ஊட்டுக்காரி சாந்தாமணியும் ஒறம்பரை சனமும் மில்லு வேன்ல சோத்தைத் தூக்கிக்கிட்டுக் கிளம்பிட்டாங்க. நான் மட்டும் காரை எடுத்துக்கிட்டு இக்கட்டால வந்துட்டன்.

ஏன்னு கேக்கறீங்க. நின்ன எண்ணெய் தம்பி! ஆறு மாசமா இந்தக் காரு என்ற ஷெட்டுல நிக்குது. நின்ன எண்ணெயை வெச்சுக்கிட்டுப் புள்ளத்தாச்சியை ஏத்த முடியுமா? நான் ஏத்த மாட்டன். ஆரு என்ன சொன்னாலும் ஏத்த மாட்டன். இவங்க என்னடான்னா ஓடவே இல்லை, எதுக்கு மாத்தறீங்கங்கிறாங்க. ஓடுனாலும் மாத்த வேண்டாமாமா, ஓடலீன்னாலும் மாத்த வேண்டாமாமா. அப்ப எப்பத்தான் மாத்தறது?

இந்தக் காரு ஷெட்டுக்கு எப்படி வந்ததுன்னு கேளுங்க. அதுல இருக்குது நாயம்.

என்ற பொண்ணு தாரணி. ஒரே பொண்ணு. போன வருசம் ஆவணில கல்யாணம் பண்ணிக் குடுத்தன். மாப்பிள்ளை அருள்குமரன், ஈரோட்டுல டாக்டரு. ஆப்பரேசனுக்கு முன்னால மயக்க ஊசி போடறாங்கல்ல, அந்த டாக்டரு. நல்ல மனுசன்தானுங்க, இல்லீங்கல. பேச்சே மெதுவா இருக்கும். அவரு பேசறதைக் கேட்டாலே எனக்குக் கொட்டாவி வந்துரும், ஊசியே வேண்டாம். அவரு வேண்டாம்னுதான் சொன்னாரு. 'மாமா, எனக்குக் காரெல்லாம் வேண்டாம். ஆஸ்பத்திரிக்கும் ஊட்டுக்கும் ரெண்டு கிலோமீட்டரு. இருக்கற சின்னக் காரே போதும்'னாரு. தன்மையானவங்க அப்படித்தான் சொல்லுவாங்க. நாம குடுக்காம இருக்க முடியுமா? எங்க சனத்துக்குள்ள ஒரு மருவாதி வேண்டாமா? என்ற பங்காளி அவன் மாப்பிள்ளைக்கு என்ன வாங்கிக் குடுத்தான்னு கேட்டீங்கன்னா... அது கெடக்குதுங்க. இருக்கறதுலயே பெருசாப் பார்த்து எடுத்தன். வெள்ளைக் கலரு.

கல்யாண மண்டபத்து வாசல்ல மாலை போட்டுக் காரை நிறுத்தியாச்சு. சனமெல்லாம் சுத்திச் சுத்திப் பார்க்குது. நான் மெதுவாப் போயி முன்னால மூடியைத் தூக்குனன். எண்ணெய் அளவு பார்க்கற கம்பி இருக்குமுல்ல, அதை உருவிப் பார்த்துப்போடலாம்னு. எந்த வண்டி வாங்குனாலும் அதுதான் நான் மொதல்ல பார்க்கறது. தேடறன், தேடறன், கம்பியைக் காணோம். ஷோரூம்காரன் ஓடி வந்து 'சார், இந்த மாடல்ல கம்பி கெடையாது. அளவெல்லாம் ஸ்கிரீன்ல காட்டும்'ங்கறான்.

கம்பியே இல்லீங்க தம்பி! இத்தனை ரூவா வாங்கிக்கிட்டு ஒரு கம்பி வெக்கல. எண்ணெய் இருக்குதா இல்லையான்னு காரு சொல்லோணுமாமா, நாம நம்போணுமாமா. என்ற மில்லுல வேலை செய்யறவனையே 'எண்ணெய் ஊத்திட்டியா'ன்னு கேட்டு, அவன் ஊத்திட்டங்கன்னு சொன்னாலும் நான் போயித் தொட்டுப் பார்ப்பன். ஒரு ஸ்கிரீன் சொல்றதைக் கேட்டுக்கிட்டு என்ற பொண்ணை அனுப்புவனா? தாலி கட்டற நேரமாச்சு, வாங்கன்னு கூப்பட்டாங்க. கையெல்லாம் கிரீஸோடதான் போயி நின்னன். பட்டு வேட்டில கறை. அந்தக் கறை போட்டோல இன்னமும் இருக்குது. சாந்தாமணி அதைப் பார்க்கறப்பெல்லாம் திட்டுவா.

பொறவு ஆரம்பிச்சுதுங்க. நான் ஒன்னே ஒன்னுதான் சொன்னன். 'மாப்பிள்ளை, ஐயாயிரத்துக்கு ஒருக்கா எண்ணெய் மாத்திருங்க. ஐயாயிரம் ஓடலீன்னா மூணு மாசத்துக்கு ஒருக்கா மாத்திருங்க.' அவரு ஸ்கிரீனைக் காட்டறாரு. 'மாமா, பதினஞ்சாயிரம் இல்லாட்டி ஒரு வருசம்னு கம்பெனிக்காரன் போட்டிருக்கறான். இப்ப எண்ணெயெல்லாம் வேற மாதிரி. அந்தக் காலத்து எண்ணெய் இல்ல.' எனக்குப் பத்திக்கிட்டு வந்துது. கம்பெனிக்காரன் எந்த ஊர்ல உட்கார்ந்துக்கிட்டுப் போட்டிருக்கறான்? பனி பேயற ஊர்ல. ரோடு கண்ணாடியாட்ட இருக்கற ஊர்ல. அவனுக்கு ஈரோட்டு வெயிலு தெரியுமா? மஞ்ச மார்க்கெட்டு ரோட்டுத் தூசி தெரியுமா? தினமும் ரெண்டு கிலோமீட்டரு போறது, நிறுத்தறது, மறுக்கா ரெண்டு கிலோமீட்டரு வர்றது. எஞ்சின் சூடாறதுக்குள்ள ஆஸ்பத்திரி வந்துருது. அப்படி ஓட்டுனாத்தான் எண்ணெய் சீக்கிரம் கெடும். இதை நான் சொல்லலீங்க, உள்ள வேலை செய்யற பெரிய மெக்கானிக்கே எங்கிட்டக் காதோட காதாச் சொன்னாரு. 'ஐயா, பதினஞ்செல்லாம் ரொம்ப நாளு. நம்ம ஊருக்கு ஏழு எட்டுல மாத்தறது நல்லது'ன்னாரு. ஏழு எட்டுன்னு அவரே சொன்னா, அப்ப ஐயாயிரம் இன்னும் நல்லதுதானுங்களே?

உங்க காரு எத்தனை ஓடியிருக்குது? பதினாலாயிரமா? ஒருக்காக் கூட மாத்துலயா? அட கெரகமே! படிச்ச புள்ளைதானே நீங்க? சரி சரி, உங்களை எதுக்குத் திட்டறது.

மாப்பிள்ளை தலையை ஆட்டுவாரு, செய்ய மாட்டாரு. ஒரு மாசம் பார்த்தன், ரெண்டு மாசம் பார்த்தன். அப்பறம் நானே இறங்கிட்டன். கெடு வந்துருச்சுன்னா ஞாயித்துக்கிழமை ஈரோடு போயிருவன். பொண்ணைப் பார்க்கப் போற மாதிரி போயி, காரை எடுத்துட்டு இங்க வந்து எண்ணெய் மாத்திட்டு, சாயங்காலம் கொண்டு போயி விடுவன். அவங்க ரெண்டு பேரும் அன்னைக்கு எங்காச்சும் போகலாம்னு இருந்திருப்பாங்களாட்ட இருக்குது. அம்மிணி ஒருக்கா லேசாச் சொன்னா, 'அப்பா, அவருக்கு ஞாயித்துக்கிழமை ஒரு நாள்தான் லீவு'ன்னு. லீவுன்னா நல்லதுதானே, காரு சும்மாத்தானே நிக்குது? இந்தப் புள்ளைகளுக்கு ஒரு பேச்சுக்கு மறு பேச்சு இருக்குது, ஆனா விவரம் பத்தாது.

சாவி எங்கிட்ட இருந்துதுங்க. ஷோரூம்ல ரெண்டு சாவி குடுத்தாங்கல்ல? ஒன்னை மாலையோட மாப்பிள்ளை கையில குடுத்தன். இன்னொன்னை என்ற பைல போட்டுக்கிட்டன். ஒரு ஆத்திர அவசரத்துக்கு வேணுமில்ல? பெத்தவனுங்க எல்லாரும் செய்யறதுதான். என்ன, செய்ய மாட்டாங்களா? உங்க மாமனாரு செய்யலையா? அப்ப உங்களுக்குக் காரு வாங்கிக் குடுத்தது உங்க மாமனாரில்லை. நீங்களே வாங்குனதா? அது வேற நாயம்.

ஆறு மாசத்துக்கு முன்னால ஒரு வியாழக்கிழமை. மறுக்கா மூணு மாசம் தாண்டிருச்சுன்னு எனக்குக் கணக்குத் தெரியும். போன் பண்ணுனா மாப்பிள்ளை எடுக்கல, ஆப்பரேசன் தியேட்டர்ல இருக்கறாரு. நேரா ஆஸ்பத்திரிக்கே போயிட்டன். காரு நிழல்ல நிக்குது. வாட்ச்மேன் எனக்குக் கும்பிடு போட்டான், நான் அவனுக்குப் போட்டன், காரை எடுத்துக்கிட்டுக் கிளம்பிட்டன். விஜயமங்கலம் டோல்கேட்டுல போலீசு நிறுத்துது. எறங்குங்கறாங்க. காரு திருடு போயிருச்சுன்னு பெட்டிசனாம். நம்பரு இதாம். என்ற காரை நானே திருடிட்டனாமா!

பெருந்துறை ஸ்டேசனுக்குக் கூட்டிட்டுப் போனாங்க. இன்ஸ்பெக்டரு சின்ன வயசு. நல்லாத்தான் பேசுனாரு. 'பெரியவரே, காரு ஆரோடது?'

'என்றதுங்க.'

'ஆர்சி உங்க பேர்ல இல்லையே?'

'மாப்பிள்ளை பேர்ல இருக்குதுங்க. வாங்கிக் குடுத்தது நான்.'

'குடுத்தாச்சில்ல?'

'குடுத்தாச்சுங்க.'

'அப்பறம் எப்படி உங்களுது?'

அந்த ஆளுக்கு எத்தனை சொன்னாலும் புரியலீங்க தம்பி. சுத்திச் சுத்தி அதையேதான் கேட்டாரு.

மாப்பிள்ளையும் அம்மிணியும் சேக்காளி ஒருத்தரு கார்ல வந்து எறங்குனாங்க. மாப்பிள்ளைக்கு மூஞ்சி வெளுத்துப்போச்சு. 'மாமா, நீங்கன்னு தெரியாதுங்க மாமா. தெரிஞ்சிருந்தா நான் போலீசுக்கே போயிருக்க மாட்டேன். ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே சாவியைக் குடுத்திருப்பேனே'ன்னாரு. கேக்கறதா? நான் ஏனுங்க கேக்கோணும்? என்ற பொண்ணு உட்கார்ந்து போற காருக்கு எண்ணெய் மாத்தறதுக்கு நான் அனுமதி வாங்கோணுமா? அதை அப்படியே கேட்டும்போட்டன், ஸ்டேசன்னு கூடப் பார்க்கல. அங்க இருந்த ஏட்டு எந்திரிச்சு வெளிய போயிட்டாரு.

அம்மிணி கிட்ட வந்தா. 'அப்பா, நாங்க இன்னைக்குச் சாயங்காலம் காங்கேயம் வர்றதா இருந்தோம். உங்ககிட்டயும் அம்மாகிட்டயும் ஒன்னு சொல்லோணும்னு...'ன்னு ஆரம்பிச்சா. நான், 'அது கெடக்குது அம்மிணி, அப்பறம் சொல்லிக்கலாம். மொதல்ல காரை நேராக் கோயமுத்தூருக்கு விடச் சொல்லு, எண்ணெய் கறுத்துப்போயிருக்கும்'னன். அவ நின்னா. மாப்பிள்ளைகிட்ட இருந்த சாவியை வாங்கி இன்ஸ்பெக்டரு மேசை மேல வெச்சா. 'அப்பா, காரை நீங்களே கொண்டு போயிருங்க. எங்களுக்கு வேண்டாம்'னுட்டுப் போயிட்டா. திரும்பிக்கூடப் பார்க்கல.

அவ என்ன சொல்ல வந்தான்னு ஒரு வாரம் கழிச்சுத்தான் தெரிஞ்சுது. சாந்தாமணிகிட்டப் போன்ல சொல்லியிருக்கறா. முழுகாம இருக்கறாளாமா. எனக்கு ஒரு வார்த்தை சொல்லல பாருங்க. பெத்த அப்பனுக்கு! ஸ்டேசன்ல நேருக்கு நேரா நின்னாளே, வாய் தொறந்து சொல்றதுக்கென்ன?

அன்னைல இருந்து சாந்தாமணியும் எங்கிட்டப் பேசறதில்லைங்க. சோறு போடுவா. 'தண்ணி' அப்படீம்பா. அவ்வளவுதான். போன வாரம்தான் வாய் தொறந்தா. 'கட்டுச்சோறு வர்ற புதங்கிழமை. எல்லாரும் வேன்ல போறோம். அந்தக் காரு வாசல்ல வந்து நின்னா, தாரணி வெளியவே வர மாட்டாளாமா. நீங்க வேன்ல வர்றதுன்னா வாங்க'ன்னா. நான் வேன்ல போவனா? கொப்பரை மூட்டை ஏத்தற வேன்லயா என்ற பொண்ணு பிரசவத்துக்கு வர்றது? குண்டும் குழியுமா இருக்கற ரோட்டுல? இந்தக் காரை வாங்குனதே இதுக்குத்தானுங்களே. இன்னைக்குப் புது எண்ணெய் ஊத்திக் கொண்டு போயி வாசல்ல நிறுத்தறன். ஏறாமப் போயிருவாளா? பார்த்துப்போடறன்.

வறட்டுப் பிடிவாதம்னு நினைக்கறீங்க. மூஞ்சிலயே தெரியுது. நினைங்க, ஒன்னுமில்லை.

உங்க வயசென்ன? முப்பத்தி ரெண்டா?

ம்.

உங்ககிட்டச் சொல்றதுக்கென்ன. முன்னப்பின்ன தெரியாத ஆளு நீங்க. தாரணிக்கு முன்னால எங்களுக்கு ஒரு பையனுங்க. மொதப் புள்ளை. அப்பல்லாம் ஊர்ல ஆருகிட்டயும் காரு இல்லை, எங்கிட்டயும் இல்லை. வாடகைக் காரு ஒன்னு, அம்பாசிடரு. சாந்தாமணிக்கு வலி கண்டுருச்சுன்னு மத்தியானம் அதைப் பிடிச்சுக்கிட்டுத் திருப்பூரு கிளம்பறோம். படியூரு தாண்டுல. டக்குனு ஒரு சத்தம். எஞ்சின் நின்னுபோச்சு. டிரைவரு திருவித் திருவிப் பார்க்கறான், அசையல. நான் எறங்கிப் போயி மூடியைத் தூக்கச் சொன்னன். கம்பியை உருவுனான். கம்பி நெடுக ஒன்னுமில்லைங்க. நுனில மட்டும் தாராட்டக் கறுப்பா ஒரு பொட்டு. 'எப்படா எண்ணெய் மாத்துனே'ன்னா, 'ஓடிக்கிட்டுத்தானுங்க இருந்துது'ங்கறான்.

ஓடிக்கிட்டுத்தான் இருந்துதாமா.

அந்த ரோட்டுல அப்பல்லாம் எந்த வண்டிங்க வரும்? புளிய மரத்தடில அவளைப் படுக்க வெச்சுக்கிட்டு நிக்கறன். ஒரு டிராக்டரு வந்துது, தேங்கா மட்டை ஏத்திக்கிட்டு. மட்டையைப் பாதி ரோட்டுல தள்ளிப்போட்டு அது மேல ஏத்திக்கிட்டுப் போனோம். போயிச் சேர்றப்ப அவ இருந்தா. பையன் இல்லை. நல்ல நெறமா இருந்தானுங்க. தலை நெறைய முடி. ஒரு மணி நேரம் முன்னால வந்திருந்தாப் பொழைச்சிருப்பான்னு அந்த டாக்டரம்மா சொன்னாங்க. அதை அவங்க சொல்லாம இருந்திருக்கலாம். இருந்திருந்தா உங்க வயசுதான் அவனுக்கு.

இல்லீங்க, தண்ணியெல்லாம் வேண்டாம். உட்காருங்க.

மாப்பிள்ளைகிட்டச் சொன்னீங்களான்னா? இதையா? எதுக்குங்க சொல்லோணும்? தாரணிக்கே தெரியாது. அவளுக்கு முன்னால ஒருத்தன் பொறந்தான்னே தெரியாது. அந்தப் பேச்சை எங்க ஊட்டுல எடுக்கறதில்லைங்க. சாந்தாமணியும் எடுக்க மாட்டா, நானும் எடுக்க மாட்டன். எடுத்து என்ன ஆகப்போகுது? ஒரு மனுசன் எண்ணெய் மாத்துன்னா மாத்தோணும். காரணம் சொன்னாத்தான் மாத்துவன்னா அது என்ன மருவாதி? இந்தக் காலத்துப் புள்ளைகளுக்கு எல்லாத்துக்கும் காரணம் வேணும். அழுது காட்டுனாத்தான் கேப்பாங்களா? நான் அழுக மாட்டன். நான் சொல்றது சரி. சரியான விசயத்துக்கு எதுக்கு அழுகோணும்?

இருங்க, போன் அடிக்குது. அட, அம்மிணிதான்! ஆறு மாசம் கழிச்சுக் கூப்படறா. நான் சொன்னன்ல? ஸ்பீக்கர்ல போடறன், நீங்களும் கேளுங்க. இருக்கட்டும் தம்பி, எந்திரிக்காதீங்க. நீங்களே கேட்டு நாயம் சொல்லுங்க.

'சொல்லு அம்மிணி.'

'அப்பா, எங்க இருக்கீங்க? எல்லாரும் வந்தாச்சு. உங்களைத்தான் காணோம்.'

'இதா கிளம்பிட்டன் அம்மிணி. கோயமுத்தூருதான். எண்ணெய் மாத்திக்கிட்டு இருக்கறாங்க.'

'...இன்னைக்குமாப்பா?'

'உனக்காகத்தான் கண்ணு. நின்ன எண்ணெய்ல உன்னைக் கூட்டிட்டு வர முடியுமா?'

'சரி. சரிங்கப்பா. அந்தக் கார்லயே வர்றன். இவருகிட்டயும் பேசிட்டன். எண்ணெயை நீங்க சொல்றப்பவே மாத்திக்கலாம்னு சொல்லிட்டாரு. நீங்க சொல்றதுதான் சரி, போதுமா? ஒன்னே ஒன்னு மட்டும் சொல்லுங்கப்பா. ஏம்ப்பா? எதுக்கு இந்த எண்ணெய்ல போயி இப்படி நிக்கறீங்க? போலீஸ் ஸ்டேசன் வரைக்கும் போனீங்க. அம்மாகிட்ட இப்பக் கேட்டன், அவங்க உள்ள போயி அழுகறாங்க. என்னப்பா அது? எங்கிட்டச் சொல்லுங்கப்பா. சொன்னீங்கன்னா நான் இப்பவே பொட்டியை எடுத்துட்டு வாசல்ல வந்து உட்கார்ந்துக்கறன்.'

'...'

'அப்பா?'

'காரணம் என்ன காரணம். ஐயாயிரத்துக்கு ஒருக்கா மாத்தோணும். அவ்வளவுதான்.'

'அவ்வளவுதானா?'

'அவ்வளவுதான். அப்பறம், மாப்பிள்ளையை லைன்ல வரச் சொல்லு. மாமா சொன்னதுதான் சரின்னு அவரு வாயால ஒரு வார்த்தை சொல்லட்டும்.'

'அப்பா, நான் இங்கயே பெத்துக்கறன். அம்மாவும் எங்கூடவே இருக்கட்டும். நீங்க மெதுவா ஊட்டுக்குப் போயிருங்க.'

வெச்சுட்டா.

கேட்டீங்கல்ல தம்பி? 'நீங்க சொல்றதுதான் சரி'ன்னு சொன்னாளா இல்லையா? என்ற காதுல மட்டும் விழலையே, உங்க காதுலயும் விழுந்துதல்ல? ஒத்துக்கிட்டாங்க பாருங்க. ஒரு வருசமா இதைத்தான் நான் கத்திக்கிட்டு இருந்தன். மாப்பிள்ளையும் ஒத்துக்கிட்டாராமா. கடைசில சொன்னது ஏதோ கோவத்துல சொல்றா. சாந்தாமணி அங்க எப்படி இருப்பா? அவ என்னை விட்டுப்போட்டு ஒரு நாள் எங்காச்சும் இருந்திருக்கறாளா? அதெல்லாம் வந்துருவா.

இதா, என்ற பேரைக் கூப்படறாங்க. காரு ரெடியாமா. பத்தே முக்காலுதான் ஆகுது, பார்த்தீங்களா?

மறுக்காக் கூப்பிட்டுச் சொல்லுங்கன்னா? எதைச் சொல்றது? அதையா? மாட்டனுங்க. நீங்க சொல்லித்தந்து நான் பேசோணுமா? என்னங்க நீங்க, என்ற கையைப் புடிச்சுக்கிட்டு நிக்கறீங்க, அந்தப் புள்ள பார்க்குது. விடுங்க. இந்த வயசுல என்ற மககிட்டப் போயி, 'உனக்கு ஒரு அண்ணன் இருந்தான், அவனை நான் மட்டை வண்டில கொண்டு போனன்'னு சொல்லோணுமா? அவ வயித்துல புள்ளையை வெச்சுக்கிட்டு அதைக் கேக்கோணுமா? மாட்டன். எண்ணெய்க்காரன், கிறுக்கன், காரு திருடுனவன், என்னமோ நினைச்சுக்கட்டும். பயந்துக்கிட்டே பிரசவத்துக்குப் போகறதுக்கு, என்னைத் திட்டிக்கிட்டே போகட்டும்.

நீங்க கிளம்புங்க தம்பி, உங்க காரும் வந்துருச்சு. நான் செத்த நேரம் இங்க உட்கார்ந்துட்டுப் போறன். அவசரமா எங்கயும் போக வேண்டியதில்லைங்க.